கோல் கம்பங்களுக்கு நடுவே ஒருவர்

பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைத் தந்துதவும்படி உறுப்பினர்களைக் கேட்டிருந்தோம். பெருநாள் ஒன்றுகூடல், மீலாது விழா, மாணவர்க்கு ஊக்கப் பரிசு, இரத்த தானம் என்று பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தன. அவற்றினிடையே கறுப்பு வெள்ளையில் ஒரு காற்பந்துக் குழுவின் படம் இருந்தது. நம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் ஃபேரர் பார்க் திடலில் எடுத்தது. பதினொரு இளைஞர்கள். படத்தின் பின்புறம் பேனாவால் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், பத்துப் பெயர்கள்தாம் இருந்தன. நடுவில் மற்றவர்களைவிட வேறு நிறச் சட்டையில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோல்காப்பாளரின் பெயர் மட்டும் இல்லை.

படத்தில் உள்ளவர்களில் இருவர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இருவரையும் கேட்டோம். யார் கோல் அடித்தார், எந்த ஆட்டத்தில் யாருக்குக் கால் பிசகியது என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கிறது. கோல்காப்பாளரின் பெயர் நினைவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அப்போதுதான். கோல் அடித்தவர்களைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. கோல் காத்தவர்களைப் பற்றி, குறிப்பாக நம் காலத்தில் நம் கண்முன்னே இருபது ஆண்டுகள் காத்த ஹசன் சன்னியைப் பற்றி, ஒரு நாலு பக்கமாவது நம் மலரில் இருக்கட்டும்.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு ஃபேரர் பார்க் என்றால் ஓர் எம்ஆர்டி நிலையம். பக்கத்துச் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் வந்தது ஏன் என்று அவர்கள் கேட்பதும் இல்லை. அங்கே உண்மையிலேயே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு அந்தப் பெருவெளி விளையாட்டுத் திடலாயிற்று. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் சரணடைந்தபோது ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் கூட்டி நிறுத்தியதும் இந்தத் திடலில்தான். போர் முடிந்த பின் அதே புல்லில் நம் பையன்கள் வெறுங்காலோடு பந்து உதைத்தார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் வேலை பார்த்தவர்கள், அங்குலியா பள்ளிவாசலில் அசர் தொழுதுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பார்கள். மக்ரிபுக்கு பாங்கு சொன்னால் கூட்டம் கலையும்.

பெரிய ஆட்டம் என்றால் ஜாலான் புசார். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1929 டிசம்பர் 26ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த விளையாட்டரங்கம் ஆக்கிரமிப்புக் காலத்தில் சீனர்களை நிறுத்திச் சலித்தெடுத்த கொடுமைக்கும் சாட்சி, மலாயாக் கிண்ண ஆட்டங்களுக்கும் சாட்சி. எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணம் அது. 1921இல் முதன்முதல் போட்டியிலேயே சிங்கப்பூர் அதை வென்றது. பின்னால் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது.

நம் சங்கம் தொடங்கிய எழுபதுகள் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தின் காலம். 1973இல் அது திறந்ததும் கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. 1977 மே 28ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்று, 1965க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைக் கொண்டு வந்தது சிங்கப்பூர். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்ட குவா கிம் சோங்கை யாரும் மறக்கவில்லை. அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை. அந்தப் பெயரைச் செய்தித்தாளில் பார்த்ததும் நம் ஆட்களுக்கு வந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. அல்லாப்பிச்சை என்ற பெயர் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. அவர் தற்காப்பில் நின்றவர். அதாவது கோல்காப்பாளருக்கு முன்னால் நின்ற கடைசி ஆள். அவருக்குப் பின்னால் நின்றது யார் என்று கேட்டால், நம் பெரியவர்களில் பாதிப்பேர் கொஞ்சம் யோசிக்கிறார்கள். மெதுவாகத்தான் வருகிறது பதில்.

கோல்காப்பாளரின் வேலை அப்படி. கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அத்தனையையும் இரண்டு கையால் அடைத்துவிட முடியாது. பந்து வைத்திருப்பவனை நோக்கி இரண்டடி முன்னே வந்து, அவன் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியைக் குறுக்குவதுதான் வித்தை. நன்றாக நின்றால் பந்து நேராகக் கைக்கு வரும். பார்ப்பவர்கள் அதைச் சுலபமான பந்து என்பார்கள். தவறாக நின்று, பிறகு பறந்து பிடித்தால் கைதட்டுவார்கள். 1992க்குப் பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. தன் அணிக்காரன் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது என்று விதி வந்தது. அன்றிலிருந்து கையைப் போலவே காலும் பேசவேண்டும்.

அணியில் இந்த இடம் ஒன்றுதான். தாக்குதல் ஆட்டக்காரன் இடம் கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஆடலாம், நடுத்திடலில் ஆடலாம். இரண்டாம் கோல்காப்பாளர் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். முதலாமவருக்குக் காயம் வரவேண்டும் என்று விரும்பவும் கூடாது, வந்தால் தயாராகவும் இருக்கவேண்டும்.

ஹசன் சன்னியின் இருபதுகளில் பெரும்பகுதி இப்படி உட்கார்ந்தே போனது என்பதை அவரைக் கொண்டாடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1984 ஏப்ரல் 2ஆம் தேதி பிறந்தவர். 2004இல், இருபது வயது வாக்கில், தேசிய அணிக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தக் காலம் லயனல் லூயிஸின் காலம். 2005 ஜனவரியில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் வென்று டைகர் கிண்ணத்தை எடுத்தபோதும், 2007இல் தாய்லாந்தை வென்று மீண்டும் வட்டார வெற்றியாளரானபோதும் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் லூயிஸ். அவர் விலகிய பிறகு ஹசன்தான் என்று எல்லாரும் நினைக்க, இஸ்வான் மஹ்பூத் என்ற இளையவர் வந்தார். 2015 ஜூன் 16ஆம் தேதி சைத்தாமாவில் ஜப்பானுக்கு எதிராக 0-0 என்று முடிந்த உலகக் கிண்ணத் தகுதி ஆட்டத்தை மறக்க முடியுமா? ஜப்பானியர் அடித்த பந்தையெல்லாம் இஸ்வான் தடுத்தார். அந்த இரவும் ஹசனுடையதல்ல.

அந்த ஆண்டுகளில் ஹசன் வேறொரு காரியம் செய்தார். 2014, 2015இல் தாய்லாந்துக்குப் போய் ஆர்மி யுனைடெட் குழுவுக்கு ஆடினார். வெளிநாட்டுக் குழு ஒன்று தன் அந்நியர் ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைக் கோல்காப்பாளருக்குக் கொடுப்பது அரிது. கோல் அடிக்கிறவனுக்குத்தான் கப்பல் டிக்கெட் என்பது காற்பந்து உலகின் வழக்கம். நம் தீவிலிருந்து ஒரு கோல்காப்பாளர் தாய்லாந்தின் முதல்நிலை லீக்கில் வாரந்தோறும் நின்றதே ஒரு சாதனை. சிங்கப்பூரில் அப்போது அதை அளவாகத்தான் பேசினோம். தாய்லாந்துக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். இது பின்னால் வரும் கதைக்குத் தேவை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். புதிய தேசிய அரங்கில் ஆசியான் கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், எதிரில் இந்தோனேசியா. முதல் ஆட்டம் 1-1. இந்த ஆட்டத்தில் நம்மவர் இருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேராக நின்று ஆடி 2-1 என்று முன்னேறினோம். எதிரணி சமன் செய்தது. கடைசி நிமிடத்தில் நமக்குக் கிடைத்த பெனால்டியும் வீணாயிற்று. கூடுதல் நேரத்தில் 4-2. ஆட்டம் முடியப்போகிற வேளையில், தனியாகப் பாய்ந்து வந்தவனைத் தடுக்க வெளியே ஓடிவந்த ஹசனுக்கும் சிவப்பு அட்டை. எட்டுப் பேர். மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லை. ஃபாண்டி அகமதின் மகன் இக்சான், தாக்குதல் ஆட்டக்காரர், கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார்.

அன்று ஹசனைத் திட்டியவர்கள் உண்டு. ஒன்பது பேர் குழுவின் கடைசி ஆளாக, முப்பத்தேழு வயதில், இரண்டு மணிநேரம் ஆடிக் களைத்தவர் அவர் என்பதை எண்ணிப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. நம் பக்கத்துக் கோப்பிக்கடையில் தொலைக்காட்சி முன்னால் கூடியிருந்தவர்களும் விதிவிலக்கல்ல. நாமும் பேசினோம். எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி 2024. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நமக்குக் கிடைத்த பிரிவு தென்கொரியா, சீனா, தாய்லாந்து. ஆறு ஆட்டங்களில் நாம் எடுத்தது ஒரே புள்ளி. அது சீனாவுடன் இங்கே 2-2 என்று முடிந்த ஆட்டத்தில் வந்தது. ஜூன் 6ஆம் தேதி கொரியாவிடம் சொந்த மண்ணில் ஏழு கோல் வாங்கினோம். ஐந்து நாள் கழித்து, ஜூன் 11, பாங்காக்கில் கடைசி ஆட்டம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள் இருந்தது. நம்மில் பலர் குர்பானி ஏற்பாட்டில் இருந்தோம், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அதில் சிங்கப்பூருக்கு ஒன்றும் இல்லை என்றே எண்ணம்.

ஆனால் மற்ற இருவருக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. அன்று சியோலில் சீனா கொரியாவிடம் 0-1 என்று தோற்று 8 புள்ளியில் நின்றது. தாய்லாந்து நம்மை வென்றால் அதற்கும் 8 புள்ளி. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல், அதுவும் சமமானால் இருவரும் நேருக்கு நேர் ஆடியதின் முடிவு. தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் சீனா வெளியே. ஹசனுக்கு அப்போது நாற்பது வயது.

தாய்லாந்து முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குப் பிறகு இக்சான் ஃபாண்டி சமன் செய்தார். பிறகு அலையலையாக வந்தார்கள். காலால், மார்பால், விரல்நுனியால் என்று ஹசன் தடுத்த பந்துகள் மொத்தம் 11. இரண்டு பந்துகள் அவரைத் தாண்டின. முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது 3-1. இன்னும் ஒரே கோல் போதும். அது விழவில்லை. கணக்கைக் கூட்டினால் இரு நாடுகளுக்கும் 8 புள்ளி, இரண்டும் 9 கோல் அடித்து 9 கோல் வாங்கியிருந்தன. நேருக்கு நேர் ஆடியதில் ஒருமுறை 2-1 என்று வென்று, மறுமுறை 1-1 என்று சமன் செய்திருந்ததால் சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. நாம் தோற்ற ஆட்டம் அது. இந்த நாற்பது வயதுக்காரர் காத்ததில் நிறைந்தது வேறொரு நாட்டின் வயிறு.

மறுநாள் நடந்தது உலகச் செய்தியாயிற்று. ஹசனும் அவர் மனைவியும் தெம்பனிஸ் வட்டாரத்துக் கோப்பிக்கடையில் ‘டப்பூர் ஹசன்’ என்ற பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார்கள். நாசி லெமாக் முதலான மலாய் உணவு. நாட்டின் கோல்காப்பாளர் நடத்தும் கடை என்பது அந்த வட்டாரத்தாருக்குத் தெரியும், வெளியே அதிகம் தெரியாது. சீன ரசிகர்கள் இணையத்தில் முகவரியைத் தேடிப் பிடித்தார்கள். இங்கே வேலை செய்யும், படிக்கும் சீன நாட்டவர் வரிசை கட்டி நின்றார்கள். சுற்றுலா வந்தவர்கள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இறங்கினார்கள். ஆக்கியதெல்லாம் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. கடையின் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து யாரோ இணையத்தில் போட, சாப்பிடாதவர்களும் சீனாவிலிருந்தே காசு அனுப்பத் தொடங்கினார்கள். போதும், அனுப்பாதீர்கள் என்று ஹசன் சமூக ஊடகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

உலகம் இதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. நமக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. நம் சமூகத்தில் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு ஏதாவது ஒரு தலைமுறையில் சாப்பாட்டுக் கடை உண்டு. விடியுமுன் எழுந்து அரிசி களைவது என்றால் என்ன, மூன்று மணிக்கு வாடிக்கையாளர் குறைந்த பிறகு பாத்திரம் தேய்ப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அந்த வேலையோடு சேர்த்து ஒருவர் நாட்டின் கோலையும் காத்திருக்கிறார்.

“பந்து சோறு போடுமா?” இது நம் வீட்டில் அத்தாமார் கேட்ட கேள்வி. ஃபேரர் பார்க்கிலிருந்து சகதியோடு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பையனும் இதைக் கேட்டிருக்கிறான். 1996இல் எஸ் லீக் தொடங்கியபோது போடும் என்று பதில் சொல்ல முடியும்போல் இருந்தது. ஹசன் ஆடிய குழுக்களின் பெயர்களைப் பார்த்தால் பதிலின் மறுபாதி தெரியும். கேலாங் யுனைடெட் பெயர் மாறியது. வாரியர்ஸ் 2020இல் லீக்கைவிட்டே போயிற்று. ஹோம் யுனைடெட் அதே ஆண்டு தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. தாய்லாந்தின் ஆர்மி யுனைடெட் 2019 பருவத்தோடு கலைக்கப்பட்டது. எஸ் லீக்கே 2018இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இத்தனையும் தன்னைச் சுற்றி மாறும்போது இடம் பெயராமல் நின்றது கோல்காப்பாளர் ஒருவர்தான். 2024இலும் அவர் அல்பிரெக்ஸ் நீகாட்டா குழுவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் சொந்தமாக ஓர் அடுப்பு வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லயனல் லூயிஸும் காவல்துறை வேலையைத்தானே நம்பினார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடை நடத்துவது இழிவு என்று நினைக்கிற ஆட்கள் நாமல்ல. ஆனால் நாட்டுக்காக நூற்றுக்கும் அதிகமான ஆட்டங்களில் நின்ற ஒருவரின் கடைக்கு முதல் நீண்ட வரிசை, நாம் தோற்ற ஓர் ஆட்டத்தின் மறுநாள், வேறு நாட்டவர் கால்களால் அமைந்தது என்பதை இந்த மலரைப் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கட்டும். தெம்பனிஸில் இருக்கும் நம் உறுப்பினர்கள் சிலரைக் கேட்டோம். அந்தக் கோப்பிக்கடை வழியாகத் தினமும் போகிறவர்கள்கூட அதற்கு முன் அங்கே நின்று ஒரு பொட்டலம் வாங்கியதில்லை என்றார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஹசன் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 2004இல் அவர் வந்தபோது பழைய காலாங் அரங்கம் இருந்தது. அது 2007இல் மூடி, 2010இல் இடித்து, 2014இல் புதிதாகக் கட்டித் திறந்து பத்தாண்டும் ஆகிவிட்டது. ஜாலான் புசார் 2003இல் செயற்கைப் புல்லோடு மறுபடி திறந்தது. இன்றும் அங்கே ஆட்டம் நடக்கும் மாலைகளில், தொடங்குவதற்கு ஒரு மணி முன்னால் போனால், மற்ற எல்லாருக்கும் முன்பாகத் திடலுக்கு வருகிறவர்கள் கோல்காப்பாளர்கள்தாம் என்பதைப் பார்க்கலாம். பயிற்றுநர் உதைத்துக்கொண்டே இருப்பார், அவர்கள் விழுந்து எழுந்துகொண்டே இருப்பார்கள். பார்வையாளர் வரிசைகள் அப்போது காலியாக இருக்கும்.

நம் படத்து விஷயத்துக்கு வருவோம். மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் மூன்றாவதாக ஒரு பெரியவரைச் சந்தித்தோம். அவர் குழுவில் ஆடியவரல்லர், ஓரத்தில் நின்று பார்த்தவர். படத்தை நெடுநேரம் பார்த்தார். பெயர் அவருக்கும் வரவில்லை. ஆனால் ஆளைத் தெரியும் என்றார். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பராட்டா போட்டவர். மதிய வியாபாரம் முடிந்து முதலாளி விட்ட பிறகுதான் திடலுக்கு வருவாராம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதுவரைக்கும் வேறு யாராவது கோலில் நிற்பார்களாம். கையில் மாவு ஒட்டியிருக்கும், அதனால் பந்து வழுக்காது என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம்.

படத்தை அடுத்த பக்கத்தில் வெளியிட்டிருக்கிறோம். கீழே பத்துப் பெயர்களும் ஒரு கோடும் உள்ளன. இவரை அறிந்தவர்கள், இவருடைய பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள் யாரேனும் இதைப் படித்தால், சங்க அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.